தரை யார் பக்கம்

என் கணவர் எங்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர். நான் அதே பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். ஒரே வண்டியில் வந்து இறங்கி, அவர் மைதானத்துக்கும் நான் மாடிக்கும் பிரிந்துவிடுவோம். சாயங்காலம்வரை ஒருவர் கண்ணில் ஒருவர் படுவதில்லை. எங்கள் கல்யாணம் இத்தனை வருஷம் தாக்குப்பிடிப்பதற்கு அதுதான் காரணம் என்று ஆசிரியர் அறையில் கிண்டல் செய்வார்கள். நான் மறுப்பதில்லை.

அந்த வருஷம் எங்களுக்குள் சண்டை மூட்டிவிட்டது ஒரு கயிறு. பள்ளிகளுக்கிடையே நடக்கும் விளையாட்டு விழாவுக்குப் பள்ளிக்கு ஒரு கயிறிழுக்கும் அணியை அனுப்பலாம். எப்போதும் பையன்கள்தான் போவார்கள். இந்த முறை வந்த அறிவிப்பில் ‘மாணவர்கள் எட்டுப் பேர்’ என்று மட்டும்தான் இருந்தது. ஆண் என்றும் இல்லை, பெண் என்றும் இல்லை. இதை முதலில் கவனித்தவள் பத்தாம் வகுப்பில் படிக்கும் கொக்கு.

கொக்கு என்பது பட்டப்பெயர். பெயருக்கேற்ற உயரம், பெயருக்கேற்ற கழுத்து, பெயருக்கேற்ற பொறுமை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஓர் அணிக்கான தேர்வு வரிசையில் போய் நிற்பாள். ஒவ்வொரு வருஷமும் அவளைத் தாண்டி அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அவள் ஓரமாக உட்கார்ந்து கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போவாள். இது பள்ளியில் அவளுக்குக் கடைசி வருஷம். இந்த முறையும் விட்டால், ஓர் அணியின் பேருந்தில் ஏறாமலேயே பள்ளிக்கூடத்தை முடித்தவள் ஆவாள்.

அவள் நேராகப் போய் என் கணவரிடம் கேட்டிருக்கிறாள். இவருக்கு வாய் சும்மா இருக்காது.

“கயிறு இழுக்கத் தோள் வேணும்மா. உனக்கு எங்க இருக்கு தோள்? சட்டையை எதுல மாட்டிட்டு வந்தே?”

மைதானமே சிரித்திருக்கிறது. அடுத்த பாடவேளைக்கு என் வகுப்பில் வந்து உட்கார்ந்தபோது கொக்கு அழவில்லை. பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கரும்பலகையை முறைத்துக்கொண்டிருந்தாள். என்ன நடந்தது என்று மற்ற பெண்கள்தான் சொன்னார்கள். கட்டிக்கொண்ட ஆளாக இருந்தால் என்ன, தப்பு தப்புதான்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஆரம்பித்தேன்.

“தோள்தான் ஜெயிக்க வைக்குதுன்னு யார் சொன்னது?”

“யார் சொல்லணும்? அதிகமா இழுக்கிற பக்கம் ஜெயிக்குது. கம்மியா இழுக்கிற பக்கம் தோக்குது. இதுக்கு டிகிரி வேணுமா?”

“ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான் இழுக்குது.”

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, ஜுரத்தில் பிதற்றுபவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

“தோக்கிற பக்கமும்?”

“தோக்கிற பக்கமும்.”

“அப்போ ஏன் தோக்குது?”

“அதைக் கேளுங்க. அது நல்ல கேள்வி.”

வாயால் சொன்னால் இவர் நம்ப மாட்டார். பயணப் பெட்டியின் எடை பார்க்கிற கொக்கித் தராசு எங்களிடம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டிலிருந்து இன்னொன்று வாங்கிவந்தேன். கயிற்றின் இரண்டு நுனியிலும் ஒவ்வொன்றை மாட்டினேன். அவர் கையில் ஒன்று, என் கையில் ஒன்று. எண்ணைப் பார்த்துச் சொல்ல எங்கள் மகளை நடுவே நிறுத்தினேன். அவர் வெறுங்காலோடு நின்றார். நான் காலுறை போட்டுக்கொண்டு வழவழப்பான தரையில் நின்றேன். இழுத்தார். இழுத்த அலமாரிபோல் நான் சர்ரென்று அவரை நோக்கிப் போனேன்.

“பார்த்தியா,” என்றார் வெற்றிப் புன்னகையோடு.

“எண்ணைச் சொல்லுடி,” என்றேன் மகளிடம்.

“ரெண்டும் ஒண்ணுதாம்மா. வித்தியாசமே இல்ல.”

இவர் குனிந்து தானே பார்த்தார். தராசு பழுது என்றார். இரண்டையும் மாற்றி மாட்டச் சொன்னார். மாற்றினோம். இன்னொரு தடவை இழுத்தார், இன்னொரு தடவை நான் வழுக்கிக்கொண்டு போனேன், எண் மறுபடியும் ஒன்றுதான். பிறகு நான் காலுறையைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். அவர் அதைப் போட்டுக்கொண்டார். நான் வெறுங்காலை ஊன்றிச் சாய்ந்து இழுத்தேன். என்னைப்போல ஒன்றரை ஆள் இருக்கும் மனிதர், சோபாவின் கையைப் பிடிக்கப் பார்த்து, அதுவும் கிடைக்காமல் என் காலடிவரை வந்து சேர்ந்தார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இது தரை பண்ற வேலை,” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே.

“அதைத்தானே நான் நாலு நாளா சொல்றேன்.”

என் கணவரிடம் ஆயிரம் குறை உண்டு, ஆனால் கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்லும் குணம் மட்டும் கிடையாது.

“இது நம்ம ஹால். மைதானம் வேற. மண்ணுல நின்னு என் பசங்களை இழுக்கச் சொல்லு, அப்போ ஒத்துக்கிறேன்.”

“சொல்றேன். கொக்கும் அவ வகுப்புப் பொண்ணுங்களும் நிப்பாங்க. ஜெயிச்சா பஸ்ல அவங்கதான் போவாங்க.”

“ஜெயிக்கட்டும், நானே ஏத்திவிடறேன்.”

திங்கட்கிழமை தலைமையாசிரியையிடம் போய் இரண்டு பேரும் நின்றோம். உங்கள் வீட்டுச் சண்டையை மைதானத்தில் வைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள், என் அறைக்குள் வேண்டாம் என்று சொல்லி அனுமதி கொடுத்தார். மூன்று சுற்று. இரண்டை ஜெயிக்கிற அணி விழாவுக்குப் போகும்.

கொக்கு தன்னோடு சேர்த்து எட்டுப் பேரைத் திரட்டிக்கொண்டு வந்தாள். அதில் ஒருத்திக்கு வகுப்பில் ‘சந்தேகம்’ என்று பெயர். எதைச் சொன்னாலும் கையைத் தூக்குவாள். வீட்டில் நடந்த சோதனையைச் சொல்லி முடித்ததும் அந்தக் கை மேலே போனது.

“டீச்சர், ரெண்டு பக்கமும் ஒரே விசைன்னா ரெண்டும் அடிச்சுப் போயிடுமே. அப்புறம் யாரும் நகரவே முடியாதே. நாங்க எதுக்கு இழுக்கணும்?”

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்கிற மூன்றாவது விதியை வருஷா வருஷம் நடத்துகிறேன். வருஷா வருஷம் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் கவிழ்கிறார்கள். கரும்பலகையில் இரண்டு அணியையும் வரைந்து, பையன்கள் பக்கத்தை மொத்தமாக அழித்தேன்.

“இப்போ கொக்கை மட்டும் பாரு. அவளை யார் யார் தள்றாங்க, இழுக்கறாங்க? கயிறு அவளை முன்னால இழுக்குது. அவ காலால தரையை முன்பக்கமாத் தள்றா, தரை பதிலுக்கு அவளைப் பின்னால தள்ளுது. அவ மேல இருக்கறது இந்த ரெண்டும்தான். அவ இழுக்கிற விசை அவ மேல இல்ல, அது கயிறு மேல இருக்கு. வேற வேற ஆள் மேல இருக்கறதை எப்படிடி அடிக்க முடியும்? கயிறு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இழுக்கும், அதுக்கு ஓரவஞ்சனை தெரியாது. தரைதான் ஆள் பார்த்து உதவும். எவளைத் தரை அதிகமாத் தள்ளுதோ அவ ஜெயிப்பா.”

சந்தேகம் யோசித்தாள். கை கீழே இறங்கியது. என் பிழைப்பில் அதைவிடப் பெரிய பதக்கம் இல்லை.

அடுத்து செருப்பு ஆராய்ச்சி. மைதானத்து மண்ணைத் தட்டில் பரப்பி, ஒவ்வொருத்தியின் காலணிக்குள்ளும் ஒரே செங்கல்லை வைத்து, தராசால் இழுத்துப் பார்த்தோம். எது நகர மறுக்கிறதோ அது நல்ல காலணி. பளபளவென்று இருந்த ஓட்டக் காலணி கூப்பிட்டதும் ஓடிவந்தது. ஆழமாகப் பள்ளம் வெட்டிய அடிப்பகுதியுள்ள சாதாரணப் பள்ளிக் காலணிதான் அசையாமல் அடம்பிடித்தது. இன்னொன்றும் அவர்களே கண்டுபிடித்தார்கள். நிற்கிற காலணியை அசைக்கத்தான் அதிக விசை வேண்டும், ஒருமுறை வழுக்க ஆரம்பித்துவிட்டால் குறைந்த விசையே போதும். எனவே வழுக்கவே கூடாது என்று கொக்கு சொன்னாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. உராய்வு எடையைப் பொறுத்தது. பையன்கள் எட்டுப் பேரும் தின்று கொழுத்த பிள்ளைகள், ரோடுரோலர் என்று பட்டப்பெயர் வாங்கிய அவர்கள் தலைவன் ஒருவனே இவர்களில் இரண்டு பேருக்குச் சமம். தரையில் அவர்கள் அழுத்துவது அதிகம், ஆகவே பிடிப்பும் அதிகம். நான் நேசிக்கும் அதே பாடம் எங்களுக்கு எதிராகவும் பேசியது. எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது.

“அப்போ பிடிப்பையும் சாய்வையும் வெச்சுத்தான் ஈடு கட்டணும்,” என்றேன். “கயிறு உங்களை முன்னால கவிழ்க்கப் பார்க்கும். பின்னால சாய்ஞ்சா உங்க எடை உங்களைப் பின்னால சாய்க்கப் பார்க்கும். அது ரெண்டும் சரிக்குச் சரியா நிக்கணும். கயிற்றைத் தாழ்வாப் பிடிங்க. நிமிர்ந்தா தொலைஞ்சீங்க.”

மதியம் தோறும் மைதானத்தின் ஓரத்தில் இருந்த பெரிய மரத்தில் கயிற்றைக் கட்டி, சாய்ந்து நின்று பழகினார்கள். மரத்தை யார் ஜெயிக்க முடியும்? ஜெயிக்க அல்ல, நிற்கத்தான் பழகினார்கள். பையன்கள் வேலியோரம் நின்று, மரம் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருக்கே என்று கலாய்த்தார்கள். காலணி ஆராய்ச்சியை நான் என் கணவரிடம் வெளிப்படையாகவே சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய அணி பரம்பரையாக வெறுங்காலில் இழுக்கும் அணி. வெறுங்கால்தான் வீரம் என்பது அவர் கட்சி.

போட்டி நாள் வந்தது. பள்ளி முழுக்க மைதானத்தைச் சுற்றி நின்றது. இவர் விசிலோடு நடுக்கோட்டில் நின்றார். அந்த விசில் என் பக்கமும் சாயாது, தன் பையன்கள் பக்கமும் சாயாது என்று எனக்குத் தெரியும்.

முதல் சுற்றில் விசில் ஊதிய மாத்திரத்தில் எங்கள் எட்டுப் பேரும் சறுக்குமரத்தில் உட்கார்ந்தவர்கள்போல் போனார்கள். ஓர் இழுப்பு, அவ்வளவுதான். கூட்டம் சிரித்து முடிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. மண்ணில் வெள்ளை வெளேரென்று கோடுகள் நீளமாகக் கிடந்தன. குனிந்து தொட்டுப் பார்த்தேன். சுண்ணாம்புக்கட்டிப் பொடி.

“எவ பண்ண வேலை இது?”

எட்டுப் பேரும் தலையைக் குனிந்தார்கள். சந்தேகத்தின் கை மட்டும் பாதி உயர்ந்தது.

“டீச்சர், பளு தூக்கறவங்க கையில வெள்ளைப் பொடி தடவுவாங்கல்ல. பிடிப்புக்குத்தானே. அதான் காலணிக்கு அடியிலயும் தேய்ச்சோம். வகுப்புல இருந்த கட்டி எல்லாத்தையும்.”

சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. இயற்பியல் படித்த பிள்ளைகளைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு வினை தோன்றாது.

“கையில வேர்வை இருக்கும், பொடி அதை உறிஞ்சும். காலணிக்கு ஏதுடி வேர்வை? பள்ளமெல்லாம் பொடி அடைச்சிருக்கு, மண்ணை எது பிடிக்கும்? பொடி மேல பொடி உருளுது, அதோட நீங்களும் உருண்டீங்க. சரி, போனது போச்சு. கழுவுங்க.”

தண்ணீர்ப் புட்டிகளைக் கொட்டி, ஹேர்பின்னால் பள்ளங்களைக் குடைந்து, என் கைக்குட்டை, அவர்கள் கைக்குட்டை எல்லாவற்றாலும் துடைத்து, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தார்கள். இவர் ஒருமுறை நேரத்தைப் பார்த்தார். பிறகு, தேவையே இல்லாமல், நடுக்கோட்டைப் புதிதாக இன்னொரு தடவை போட்டார். மெதுவாகப் போட்டார். இரண்டு பக்கமும் சமமாகப் பார்க்கிறவர்தான், ஆனாலும் காலணி காய நேரம் தந்த அந்தக் கோட்டுக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லவில்லை.

இரண்டாவது சுற்று. விசில் ஊதியதும் பையன்கள் வழக்கம்போல் ஓங்கி இழுத்தார்கள். எங்கள் வரிசை அசையவில்லை. எட்டுப் பேரும் ஒரே சாய்வில், கயிற்றைத் தாழப் பிடித்து, மரத்தைப் பிடித்து நின்ற மாதிரியே நின்றார்கள். மறுபடி ஓங்கி இழுத்தார்கள். அசையவில்லை. மூன்றாவது இழுப்பில் ரோடுரோலரின் வெறுங்கால் தூசியில் ஒரு விரற்கடை வழுக்கியது. வழுக்க ஆரம்பித்த கால் நிற்குமா? கொக்கு “அடி” என்றாள். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் சின்னதாக ஓர் அடி பின்னால் வைத்தார்கள். “அடி.” இன்னொன்று. “அடி.” பையன்கள் கத்திக்கொண்டே கோட்டைத் தாண்டி வந்து சேர்ந்தார்கள்.

மாடிவரை சத்தம் கேட்டிருக்கும். நான் யார் யாரையோ கட்டிப்பிடித்தேன், அதில் கணக்கு வாத்தியாரும் இருந்தார் என்று பிறகு சொன்னார்கள்.

ஆனால் ரோடுரோலர் முட்டாள் இல்லை. பெண்களின் காலணியைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான், என் கணவரிடம் போய் எங்களுக்கும் காலணி போட அனுமதி வேண்டும் என்றான். விதியில் தடை இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். வேறென்ன செய்வேன்? நான் நடத்திய பாடத்தை அந்தப் பையன் புரிந்துகொண்டுவிட்டான், அதற்காக அவனைத் திட்டவா முடியும்? இப்போது பிடிப்பு இரண்டு பக்கமும் ஒன்று. எடை அவர்கள் பக்கம்.

கொக்கைத் தனியாக அழைத்தேன்.

“டீச்சர், ஒண்ணு கவனிச்சேன்,” என்றாள் அவள். “அவன் அடி மாத்தும்போது நிமிர்றான். ஒவ்வொரு தடவையும். அவன் நிமிர்ந்தா பின்னால இருக்கறவங்களும் நிமிர்றாங்க.”

இது நான் சொல்லிக் கொடுக்காதது. அவள் கயிற்றைப் பார்க்கவில்லை, அவன் காலைப் பார்த்திருக்கிறாள். நிமிர்ந்தவனைக் கயிறு கவிழ்க்கும். அந்தக் கணத்தில் அவன் எத்தனை எடை இருந்தாலும் அது அவனுக்கு உதவாது.

“அப்போ அதுவரைக்கும் தாங்கணும்,” என்றேன்.

“தாங்குவோம்.”

கடைசிச் சுற்றுக்குப் பக்கம் மாற்றி நின்றார்கள். விசில். காலணி போட்ட பையன்கள் இழுத்தபோது எங்கள் வரிசை முதல்முறையாக முன்னால் போனது. ஓர் அடி. இன்னும் ஓர் அடி. கயிற்றின் நடுவில் கட்டிய சிவப்புத் துணி அவர்கள் கோட்டை நோக்கி ஊர்ந்தது. மைதானம் முழுக்கப் பையன்களின் பேரைச் சொல்லிக் கத்தியது. கொக்கு எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் கண் எதிரே இருந்த ஒரு ஜோடிக் காலில் நிலைத்திருந்தது. சிவப்புத் துணி கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டது. இழுத்தார்கள், வரவில்லை. இரண்டு பக்கமும் நடுங்கிக்கொண்டு நின்றது. கயிறு மட்டும் முனகியது.

முடித்துவிடும் அவசரத்தில் ரோடுரோலர் இடது காலைத் தூக்கினான். நிமிர்ந்தான்.

“இப்போ,” என்றாள் கொக்கு.

எட்டுப் பேரும் ஒரே உடம்பாகச் சாய்ந்தார்கள். அவன் தூக்கிய கால் பின்னால் போகாமல் முன்னால் விழுந்தது. அவனுக்குப் பின்னால் இருந்தவன் அவன் முதுகில் மோதினான். “அடி,” என்றாள். “அடி. அடி.” சிவப்புத் துணி வந்த வழியே திரும்பியது, நடுக்கோட்டைத் தாண்டியது, நிற்கவில்லை. பையன்கள் காலை ஊன்றப் பார்த்தார்கள், ஒவ்வொரு முறை ஊன்ற நிமிரும்போதும் கொக்கின் குரல் வந்தது. துணி எங்கள் கோட்டைத் தாண்டிய கணத்தில் இவர் விசிலை ஊதினார். என் வாழ்க்கையில் அத்தனை நீளமான விசிலை நான் கேட்டதில்லை.

பிறகு என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. மாடியிலிருந்து பிள்ளைகள் ஓடிவந்தார்கள். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சந்தேகம் எந்தச் சந்தேகமும் இல்லாமல் ஊளையிட்டாள். ரோடுரோலர் உடம்பெல்லாம் மண்ணோடு வந்து, எப்போ இழுக்கணும்னு எப்படித் தெரிஞ்சுது என்று கொக்கிடம் கேட்டான். பஸ் கிளம்பும்போது சொல்றேன் என்றாள் அவள். நான் அழுதேன். வாத்தியார் அழலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை, நன்றாகவே அழுதேன்.

கொக்கு மட்டும் எழுந்திருக்காமல் கயிற்றைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி நின்றவர்களை விலக்கிக்கொண்டு என் கணவர் போய், அவள் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தார்.

“கை ரொம்ப வலிக்குதாம்மா? தோள்பட்டை பிடிச்சுக்கிச்சா?”

“கை வலிக்கல சார்,” என்றாள் கொக்கு. “கால்தான் வலிக்குது.”

அவர் குனிந்து அவள் காலணியைப் பார்த்தார். பிறகு எழுந்து, மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, பஸ்ஸில் முன்சீட்டு யாருக்கு என்று சொன்னார்.